சேர்ந்து எடுத்த வீட்டைக் காலி செய்வது எப்படி? பெங்களூரு மாணவர்களுக்கு ஒரு வழிகாட்டி

சுத்தகுண்டே பாளையத்தில் நான்கு பேர் சேர்ந்து எடுத்த வீட்டை நாங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலி செய்தோம். ஒருவனுக்கு அன்று மாலையே மடிவாளாவில் மதுரை பஸ். அவசரம் அவசரமாக வீட்டைக் கூட்டிவிட்டு, சாவியை வீட்டுக்காரர் கையில் கொடுத்தோம். "பத்து நாளில் அட்வான்ஸை அனுப்பிவிடுகிறேன்" என்றார். நம்பிக் கிளம்பினோம். பணம் வர நான்கு மாதம் ஆயிற்று, அதுவும் முழுதாக வரவில்லை. குறைந்துபோன பணத்தை யார் தலையில் போடுவது என்று எங்களுக்குள் எழுந்த சண்டைதான் அதைவிடக் கசப்பானது. மூன்று வருடம் ஒரே குக்கர் சோற்றைத் தின்றவர்களில் இருவர் இன்றுவரை பேசிக்கொள்வதில்லை.

அதன் பிறகு இதே ஊரில் இன்னும் மூன்று வீடுகளைக் காலி செய்திருக்கிறேன். தாவரெகெரெயிலும் பி.டி.எம். லேஅவுட்டிலும் கெங்கேரியிலும் படிக்க வந்த நம் ஊர்ப் பிள்ளைகள் பலருக்குக் கூட நின்று உதவியிருக்கிறேன். வீடு பிடிப்பதற்குத்தான் எல்லோரும் ஆலோசனை கேட்கிறார்கள். காலி செய்வதற்கு யாரும் கேட்பதில்லை. பணம் போவது அங்கேதான்.

முதல் படி: ஒப்பந்தத்தை எடுத்து மறுபடி படியுங்கள்

காலி செய்யலாம் என்ற பேச்சு எழுந்த அன்றே வாடகை ஒப்பந்தத்தைத் தேடி எடுங்கள். பெரும்பாலும் அது 11 மாதத்துக்கு எழுதப்பட்டிருக்கும். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைக் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும் என்கிறது 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம். அந்தச் செலவையும் அலைச்சலையும் தவிர்ப்பதற்காக வந்த வழக்கம் இது. 11 மாதம் முடிந்தும் புதுப்பிக்காமல் தொடர்ந்து வாடகை கொடுத்துவருகிறீர்கள் என்றாலும் அந்தத் தாளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். வீட்டுக்காரர் பேசப்போவது அதை வைத்துத்தான்.

அதில் நான்கு விஷயங்களைப் பாருங்கள். காலி செய்ய எத்தனை மாதம் முன்பு சொல்ல வேண்டும்? குறைந்தபட்சம் இத்தனை மாதம் இருந்தே ஆக வேண்டும் என்ற நிபந்தனை இருக்கிறதா? பெயிண்டிங்குக்கு எவ்வளவு பிடித்துக்கொள்வார்கள்? ஒப்பந்தம் யார் பெயரில் இருக்கிறது? கடைசிக் கேள்வியை மாணவர்கள் பெரிதாக நினைப்பதில்லை. நால்வர் குடியிருந்தாலும் கையெழுத்து ஒருவருடையதாக இருந்தால், சட்டத்தின் கண்ணில் அவரே வாடகைதாரர். கேட்கும் உரிமை அவருக்கு, கொடுக்கும் பொறுப்பும் அவருக்கே. அவர் முதலில் ஊருக்குப் போய்விட்டால் மற்ற மூவரும் வெறும் விருந்தாளிகள்போல ஆகிவிடுவார்கள்.

முன்னறிவிப்புக் காலத்தை ஒப்பந்தம் சொல்லவில்லை என்றால், மாத வாடகைக் குடியிருப்புக்கு 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டம் 15 நாள் அறிவிப்பு போதும் என்கிறது. அதுவும் எழுத்தில், கையெழுத்துடன் இருக்க வேண்டும். ஆனால் இங்கே ஒப்பந்தங்கள் பெரும்பாலும் ஒரு மாதமோ இரண்டு மாதமோ கேட்கின்றன. எழுதியிருப்பது எதுவோ அதன்படி நடங்கள்.

இன்னொன்று. தமிழ்நாட்டில் 2017ஆம் ஆண்டுச் சட்டப்படி, வேறு உடன்பாடு இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்கக் கூடாது. மத்திய அரசு 2021இல் வெளியிட்ட மாதிரி வாடகைச் சட்டம் குடியிருப்புகளுக்கு இரண்டு மாதம் என்கிறது. இவற்றைச் சொல்லிப் பெங்களூரில் வாதாடாதீர்கள். முதலாவது நம் மாநிலத்துச் சட்டம். இரண்டாவது, மாநிலங்கள் தம் சட்டமாக இயற்றினால்தான் செல்லும் வெறும் மாதிரி. கர்நாடகத்தின் 1999ஆம் ஆண்டு வாடகைச் சட்டமோ, மாத வாடகை 3,500 ரூபாயைத் தாண்டிய பெங்களூரு வீடுகளைத் தொடுவதில்லை. இந்த ஊரில் ஐந்து மாத, பத்து மாத அட்வான்ஸ் நடைமுறையில் இருப்பது இதனால்தான். உங்கள் கையில் இருக்கும் உண்மையான பிடி, நீங்கள் போட்ட ஒப்பந்தம் மட்டுமே.

இரண்டாம் படி: எழுத்தில் சொல்லுங்கள், தேதியுடன் சொல்லுங்கள்

வீட்டுக்காரர் மாடியிலேயே இருக்கிறார், தினமும் பார்க்கிறோம், வாயால் சொன்னால் போதாதா என்று கேட்பார்கள். போதாது. நேரில் மரியாதையாகச் சொல்லுங்கள், அன்றே வாட்ஸ்அப்பிலும் அனுப்புங்கள். கையெழுத்திட்ட ஒரு கடிதத்தையும் கொடுத்து, அதன் நகலில் "பெற்றுக்கொண்டேன்" என்று எழுதி வாங்குங்கள்.

தேதியை எண்ணில் எழுதச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. கன்னடத்தில் "முந்தின திங்களு" என்றால் அடுத்த மாதம். நமக்கோ முந்தின மாதம் என்றால் கழிந்துபோன மாதம். எனக்குத் தெரிந்த ஒரு தங்கை, வீட்டுக்கார அம்மாள் சொன்ன "முந்தின திங்களு" என்பதைத் தமிழாகக் கேட்டு, கழிந்த மாத வாடகையைப் பற்றிய பேச்சு என்று நினைத்துத் தலையாட்டிவிட்டாள். அம்மாள் அடுத்த மாதம் காலி செய்வதாக எடுத்துக்கொண்டு வாசலில் டு லெட் பலகையையே மாட்டிவிட்டார். "31.5 அன்று மாலைக்குள் காலி செய்து சாவியை ஒப்படைப்போம்" என்று எண்ணில் எழுதிவிட்டால் எந்த மொழியிலும் குழப்பம் வராது. வாயால் சொல்லும்போது, "நாவு மனெ காலி மாட்தா இத்தீவி" என்று இரண்டு வார்த்தை கன்னடத்தில் சொல்லிப் பாருங்கள். அல்சூர், சிவாஜிநகர் பக்கத்து வீட்டுக்காரர்கள் பலர் தமிழிலேயே பேசுவார்கள். மற்ற இடங்களில் அந்த இரண்டு வார்த்தை எவ்வளவு தூரம் போகிறது என்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

எந்த மாதத்தில் காலி செய்வது என்பதையும் யோசிக்க வேண்டும். நாம் ஆடியில் வீடு மாறமாட்டோம். கன்னடக் குடும்பங்கள் ஆஷாடத்தில் மாறமாட்டார்கள். ஆஷாடம் பெரும்பாலும் ஜூன் பிற்பகுதியில் தொடங்குகிறது. அது முடிவதற்குள் நம் ஆடி பிறந்துவிடுகிறது. ஆகஸ்ட் நடுப்பகுதி வரை குடும்பங்கள் வீடு பார்க்க வருவது குறைவு. பல வீட்டுக்காரர்கள் புதிதாக வருபவரின் அட்வான்ஸை வாங்கித்தான் பழையவருக்குத் திருப்பித் தருகிறார்கள். நம் பணத்தை வீட்டின் மேல்மாடி கட்டவோ மகள் கல்யாணத்துக்கோ எப்போதோ செலவழித்திருப்பார்கள். எனவே ஜூன் கடைசியில் காலி செய்தால் உங்கள் பணம் ஆவணி வரை இழுபடக்கூடும். கல்லூரிகளைச் சுற்றியுள்ள தெருக்களில் புது மாணவர்கள் வருவதால் இது கொஞ்சம் தளர்ந்திருக்கிறது. இருந்தாலும் தேர்வு முடியும் நாளைப் பார்த்து, முடிந்தால் மே இறுதிக்குள் முடித்துக்கொள்வது நல்லது.

மூன்றாம் படி: உங்களுக்குள் கணக்கை முடியுங்கள்

இதற்கு ஒரு முழு மாலையை ஒதுக்குங்கள். அறிவிப்பு கொடுத்த வாரத்திலேயே, எல்லோரும் ஊரில் இருக்கும்போதே, ஒரே மேசையில் உட்கார்ந்து செய்ய வேண்டிய வேலை இது. கடைசி நாளுக்குத் தள்ளிப்போட்டால் ஒருவர் ரயிலில் இருப்பார், ஒருவர் தூக்கத்தில் இருப்பார், கணக்கு வாட்ஸ்அப் குழுவில் சண்டையாக முடியும்.

ஒரு நோட்டில் முதலில் எழுத வேண்டியது: அட்வான்ஸுக்கு யார் எவ்வளவு போட்டார்கள், யார் கணக்கிலிருந்து போனது. அப்பாவின் கணக்கிலிருந்து போயிருந்தால் அதையும் குறியுங்கள். பெரிய அறையில் இருந்தவர் அதிக வாடகை கொடுத்திருந்தால், அட்வான்ஸிலும் அதிகம் போட்டாரா அல்லது சமமாகவா என்று பாருங்கள். இரண்டு வருடத்தில் இதை எல்லோரும் வேறுவேறாக நினைவு வைத்திருப்பார்கள். பொய் சொல்கிறார்கள் என்பதில்லை, மறதி அப்படித்தான் வேலை செய்யும். வங்கிக் கணக்கைத் திறந்து பார்த்துவிடுங்கள்.

பிறகு பிடித்தம். ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறேன். வாடகை 24,000 ரூபாய், அட்வான்ஸ் ஐந்து மாதம், ஆக 1,20,000. நான்கு பேர், ஆளுக்கு 30,000. வீட்டுக்காரர் பெயிண்டிங்குக்கு ஒரு மாத வாடகை 24,000 பிடிக்கிறார். கடைசி மின்கட்டணமும் தண்ணீரும் 2,400. குழாயும் ஜன்னல் கண்ணாடியுமாகப் பழுது 1,600. மொத்தப் பிடித்தம் 28,000, கைக்கு வருவது 92,000. நான்கால் வகுத்து ஆளுக்கு 23,000 என்று எடுத்துக்கொண்டால் சரியா? அந்தக் கண்ணாடிக்கான 1,200 ரூபாய், ஒருவர் வீட்டுக்குள் பந்து விளையாடி உடைத்ததற்கு என்றால் சரியில்லை. பொதுச் செலவு 26,800, ஆளுக்கு 6,700. மூவருக்கு 23,300, உடைத்தவருக்கு 22,100. இப்போது கூட்டிப் பாருங்கள், 92,000 வரும்.

நான் பிடித்துக்கொள்ளும் விதி இது: யார் செய்தது என்று தெரிந்தால் அவர் கொடுக்க வேண்டும், தெரியாவிட்டால் எல்லோரும் கொடுக்க வேண்டும். ஓர் அறைக்குள் நடந்தது என்றால் அந்த அறையில் இருந்தவர்கள். விசாரணை நடத்தாதீர்கள். இருநூறு ரூபாய்க்காக "நீதானே செய்தாய்" என்று ஒருவரைக் குறுக்கு விசாரணை செய்வதைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பணம் யாருக்கும் பெரிதல்ல, ஆனால் அந்தப் பேச்சு மறக்காது.

சேர்ந்து வாங்கிய பொருள்களும் இந்த மாலையிலேயே தீர வேண்டும். வாஷிங் மெஷின், பழைய ஃபிரிட்ஜ், சோஃபா ஆகியவற்றை விற்றுப் பணத்தைப் பிரிப்பதுதான் எளிது. ஒருவர் தனக்கு வேண்டும் என்றால் இன்றைய விலையை எல்லோரும் ஒப்புக்கொண்டு, அவர் மற்றவர்களின் பங்கைக் கொடுக்கட்டும். வாங்கிய விலையைச் சொல்லி அவரை மலைக்க வைக்காதீர்கள்.

ஒருவர் மட்டும் போகிறார் என்றால்

மாணவர் வீடுகளில் இதுதான் அதிகம் நடக்கிறது. எல்லோரும் ஒன்றாகப் போவதில்லை. ஒருவருக்கு வேலை கிடைக்கிறது, அவர் இடத்துக்கு இன்னொருவர் வருகிறார். வருபவர் 30,000 கொடுக்க, போகிறவர் வாங்கிக்கொண்டு போகிறார். எல்லோருக்கும் திருப்தி, வீடு காலி செய்யும் நாள் வரை. அன்று பெயிண்டிங் பிடித்தத்தில் 6,000 ரூபாய், ஆறு மாதம் மட்டுமே இருந்தவர் தலையில் விழும். அந்தச் சுவரை அழுக்காக்கிய பதினெட்டு மாதக்காரர் எப்போதோ போய்விட்டிருப்பார்.

நியாயமான வழி இருக்கிறது. வீட்டில் மொத்தம் 24 மாதம் இருப்பதாக உத்தேசம் வைத்துக்கொள்ளுங்கள். 18 மாதம் இருந்தவரின் பங்கு, 6,000இல் முக்கால், அதாவது 4,500. வருபவர் அவருக்கு 30,000க்குப் பதில் 25,500 கொடுத்தால் போதும். கடைசியில் புதியவர் கைக்கு 24,000 வரும்போது, அவர் இருந்த ஆறு மாதத்துக்கு 1,500 மட்டுமே இழந்திருப்பார். உத்தேசம் சில மாதம் முன்பின் ஆகலாம், பரவாயில்லை. முழுக்கக் கண்ணை மூடிக்கொள்வதைவிட இது மேல். வருபவர் பெரும்பாலும் முதலாமாண்டுப் பிள்ளை, ஊர் புதிது, கேட்கத் தெரியாது. அதனால்தான் இதைப் போகிறவரே எடுத்துச் சொல்ல வேண்டும் என்கிறேன்.

ஆள் மாறுவதை வீட்டுக்காரருக்குத் தெரிவித்து, அவர் சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள். உள்வாடகைக்கு விட்டீர்கள் என்று பிற்பாடு அவர் சொல்லிவிடக் கூடாது. போகிறவர் பெயரில்தான் ஒப்பந்தம் என்றால், பெயரை மாற்றி எழுதாமல் அவர் ஊரைவிட்டுக் கிளம்பக் கூடாது. அவருடைய நலனுக்கும் இதுதான் நல்லது. இருக்கிறவர்கள் வாடகை பாக்கி வைத்தால் அவரைத்தான் தேடுவார்கள்.

நான்காம் படி: இணைப்புகள்

மின்சாரம்: பெஸ்காம் (பெங்களூரு மின் விநியோக நிறுவனம்) மீட்டரைக் கடைசி நாளில் படம் எடுங்கள், ஓடிய அளவும் இணைப்புக்குரிய ஆர்.ஆர். எண்ணும் தெரிய வேண்டும். பில் கழிந்த மாதத்துக்கு வருவதால், நீங்கள் போன பிறகும் உங்கள் பெயரில் ஒரு தொகை நிற்கும். அதைப் படத்தில் உள்ள அளவை வைத்துக் கணக்கிட்டுக் கொடுத்துவிட்டுப் போங்கள். 2023இல் வந்த கிருக ஜோதி என்ற இலவச மின்சாரத் திட்டத்துக்காக உங்களில் ஒருவர் அந்த மீட்டருடன் ஆதாரை இணைத்திருந்தால், அந்த இணைப்பை நீக்குங்கள். கர்நாடக அரசின் சேவா சிந்து இணையதளத்தில் அதற்கு வழி இருக்கிறது. நீக்காவிட்டால் அடுத்த வீட்டில் உங்களுக்கும் சிக்கல், இந்த வீட்டுக்கு வருபவருக்கும் சிக்கல்.

எரிவாயு: உங்கள் பெயரில் இணைப்பு இருந்தால், இதே ஊருக்குள் மாறுகிறீர்களா வெளியூருக்கா என்று ஏஜென்சியில் சொல்லுங்கள். வெளியூர் என்றால் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஒப்படைத்து, வைப்புத்தொகையைத் திரும்பப் பெற்று, மாற்றுச் சீட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். அதைக் காட்டிப் புது ஊரில் இணைப்பு எடுக்கலாம். அடுப்பும் ரப்பர் குழாயும் உங்களுடையவை. சிலிண்டரைத் தெரிந்தவருக்குக் கைமாற்றி விட்டுப் போகாதீர்கள். விபத்து என்று வந்தால் பதிவில் இருப்பது உங்கள் பெயர். பஸ்ஸிலோ ரயிலிலோ எடுத்துப் போகவும் கூடாது, காலி சிலிண்டராக இருந்தாலும்.

இணையம்: ரவுட்டரைத் திருப்பிக் கொடுத்ததற்குச் சான்று வாங்குங்கள். கொடுத்த பிறகும் ஒரு நிறுவனத்திடமிருந்து எங்களுக்கு ஐந்து மாதம் பில் வந்துகொண்டிருந்தது, கையில் சீட்டு இருந்ததால்தான் தப்பித்தோம்.

தண்ணீர் கேன் கடையில் கேனுக்குக் கொடுத்த முன்பணம், பால்காரர் பாக்கி, தெருமுனைக் கடையின் கடன் நோட்டு இவை சின்னத் தொகைகள்தான். முழுதாகத் தீர்த்துவிட்டுப் போங்கள். அந்தக் கடைக்காரர் உங்களை நம்பித்தானே நோட்டில் எழுதினார்.

ஐந்தாம் படி: பொருள்கள் எங்கே போகும்?

ஊருக்குக் கொண்டுபோகும் பொருள், இந்த ஊரிலேயே கைமாறும் பொருள், குப்பை என்று மூன்றாகப் பிரியுங்கள். பாடப்புத்தகங்களுக்கு அவென்யூ ரோட்டின் பழைய புத்தகக் கடைகள் இருக்கின்றன. ஆனால் ஜூனியர்களுக்குக் கொடுப்பதுதான் என் விருப்பம், கடையில் கிடைக்கும் பணம் ஒரு நேரச் சாப்பாட்டுக்குத்தான் வரும். இரும்புக் கட்டில், பழைய மின்விசிறி, பேப்பர் எல்லாம் குஜரிக் கடைக்குப் போகலாம். நம் ஊர்ப் பழைய இரும்புக் கடைக்கு இங்கே அதுதான் பெயர்.

மெத்தையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மாணவர் வீடுகளில் மூட்டைப்பூச்சி உண்டு, மறைத்துப் பயனில்லை. உங்கள் வீட்டில் இருந்தால் மெத்தையை யாருக்கும் இலவசமாகக்கூடக் கொடுக்காதீர்கள். துணிகளை வெந்நீரில் துவைத்து, வெயிலில் உலர்த்தி, இறுக்கமான பைகளில் கட்டிக் கொண்டுபோங்கள். இல்லாவிட்டால் ஊரில் அம்மா வீட்டுக் கட்டிலுக்கும் அது போய்ச் சேரும். மெத்தையை இரவில் தெருமுனையில் போட்டுவிட்டுப் போவது இந்த ஊரில் சாதாரணமாக நடக்கிறது. காலையில் அதை இழுத்து ஏற்றுவது ஒரு பௌரகார்மிகர், அதாவது துப்புரவுத் தொழிலாளி, பெரும்பாலும் ஒரு பெண். குப்பை வண்டிக்காரரிடம் முன்பே கேட்டு, ஏற்றுக் கூலி கொடுத்து அனுப்புங்கள். மற்ற குப்பையையும் ஈரம், உலர், சானிட்டரி என்று பிரித்தே கொடுக்க வேண்டும். கலந்து கட்டினால் எடுக்கமாட்டார்கள், கடைசி நாளில் அந்தப் பைகள் வீட்டுக்காரரின் வாசலில் நிற்கும்.

வண்டிக்கு, நாம் குட்டி யானை என்று சொல்லும் டாடா ஏஸ் ஒரு மாணவர் வீட்டுக்குத் தாராளம். காலை ஆறு மணிக்கு வரச் சொல்லுங்கள். எட்டு மணிக்குப் பிறகு சில்க் போர்டு பக்கம் வண்டி நகராது. ஏப்ரல், மே மாதங்களில் பிற்பகலுக்கு மேல் மழை பிடிப்பதும் வழக்கம். தார்ப்பாய் இருக்கிறதா என்று முன்பே கேளுங்கள். அடுக்குமாடியில் இருப்பவர்கள் குடியிருப்போர் சங்கத்திடம் லிஃப்ட் நேரத்தையும், பொருள் வெளியே போவதற்கான வீட்டுக்காரரின் ஒப்புதல் கடிதத்தையும் முன்கூட்டியே வாங்கிவிட வேண்டும். பைக்கை ரயிலில் அனுப்புவோர் பார்சல் அலுவலகத்துக்கு ஆர்.சி. நகல், இன்சூரன்ஸ் நகல், அடையாள அட்டையுடன் போங்கள். பெட்ரோல் டாங்கைக் காலி செய்து, வண்டியைச் சாக்கு வைத்துக் கட்டிய பிறகே ஏற்றுவார்கள்.

ஆறாம் படி: சுத்தமும் பழுதும்

சொத்து மாற்றச் சட்டத்தின் 108ஆம் பிரிவு, வாங்கியபோது இருந்த நிலையிலேயே வீட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்கிறது. இயல்பான தேய்மானம் அதில் சேராது. இரண்டு வருடத்தில் மங்கிய சுண்ணாம்பு தேய்மானம். ஆணி பிடுங்கிய பள்ளமும் இருபக்க டேப் உரித்தெடுத்த வண்ணமும் சேதம். பெயிண்டிங்குக்கு ஒரு மாத வாடகை என்று ஒப்பந்தத்தில் இருந்தால் அதைப் பற்றிச் சண்டை வேண்டாம், கையெழுத்துப் போட்டது நாம்தான். ஆனால் பெயிண்டிங்குக்கும் பிடித்துக்கொண்டு, சுவர் ஓட்டைகளுக்கும் தனியாகப் பிடித்தால் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஒரே சுவருக்கு இருமுறை பணம் வாங்குவது அது. பொறுமையாக, உறுதியாகச் சொன்னால் பெரும்பாலும் விட்டுக்கொடுப்பார்கள்.

போர்வெல் தண்ணீர் வரும் வீடுகளில் குழாயிலும் டைல்ஸிலும் வெள்ளையாக உப்புப் படிந்திருக்கும். வினிகரில் நனைத்த துணியை அரைமணி நேரம் சுற்றி வைத்துத் தேய்த்தால் போய்விடும். மார்பிளில் மட்டும் வினிகரும் எலுமிச்சையும் படக் கூடாது, கல்லையே அரித்துவிடும். ஆசிட் ஊற்றினால் குழாயின் பளபளப்புப் பூச்சு போய்விடும், குழாய்க்கே பணம் பிடிப்பார்கள். மிக முக்கியமானது: ஆசிட் கலந்த கழிப்பறைத் திரவத்தையும் பிளீச்சிங் பவுடரையும் ஒருபோதும் சேர்க்காதீர்கள். குளோரின் வாயு கிளம்பும், சின்னக் குளியலறைக்குள் அது உயிருக்கே ஆபத்து.

அடுப்பங்கரைச் சுவரின் எண்ணெய்ப் பிசுக்குக்குச் சமையல் சோடாவும் வெந்நீரும் போதும். எரியாத பல்புகளையும் சொட்டும் குழாயின் வாஷரையும் நீங்களே மாற்றிவிடுங்கள். கடையில் நூறு ரூபாய்க்கு முடிவது, பிடித்தப் பட்டியலில் ஐந்நூறாக ஏறும்.

இந்தச் சுத்தத்தை நான் வற்புறுத்துவதற்குப் பணம் மட்டும் காரணமல்ல. "பேச்சுலர்களுக்கு வீடு இல்லை" என்ற பதிலை இந்த ஊரில் எத்தனை வாசல்களில் கேட்டிருக்கிறோம். தாவரெகெரெயில் ஒரு பெரியவர் தொடர்ந்து நம் பிள்ளைகளுக்கே வீடு விடுகிறார். காரணம் கேட்டேன். "முதலில் இருந்த தர்மபுரிப் பையன்கள் போகும்போது வாசலில் தண்ணீர் தெளித்துவிட்டுப் போனார்கள்" என்றார்.

ஏழாம் படி: சாவி ஒரு கையில், பணம் மறு கையில்

காலி செய்வதற்கு ஒரு வாரம் முன்பே வீட்டுக்காரரை அழைத்து வீட்டைச் சுற்றிக் காட்டுங்கள். எதற்கு எவ்வளவு பிடிப்பார் என்று அப்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பழுது இருந்தால் சரிசெய்ய உங்களுக்கு ஒரு வாரம் கிடைக்கும். வந்த புதிதில் எடுத்த படங்கள் இருந்தால் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். இல்லாவிட்டாலும், காலி செய்த பிறகு ஒவ்வோர் அறையையும் அலமாரிக்குள்ளும் சேர்த்து வீடியோ எடுங்கள்.

கடைசி இரண்டு மாத வாடகையை அட்வான்ஸில் கழித்துக்கொள்ளச் சொல்லலாமா என்று பலர் கேட்கிறார்கள். அட்வான்ஸ் திரும்ப வராது என்று பயப்பட நியாயமான காரணம் இருந்தால், வீட்டுக்காரரிடம் பேசி, "கழித்துக்கொள்கிறேன்" என்ற அவர் பதிலை எழுத்தில் வாங்கிய பிறகு செய்யுங்கள். நீங்களாகவே வாடகையை நிறுத்தினால் ஒப்பந்தத்தை மீறியவர் நீங்களாகிவிடுவீர்கள்.

சாவி கொடுக்கும் நாளில், கையெழுத்துப் போட்டவர் கட்டாயம் இருக்க வேண்டும், கூட இன்னொருவரும். பிடித்தக் கணக்கை ஒரே தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். பணம் வங்கிக் கணக்குக்கு வந்ததைப் பார்த்த பின் எல்லாச் சாவிகளையும், நகல் சாவிகள் உட்பட, எண்ணிக் கொடுங்கள். "புது ஆள் வரட்டும், தருகிறேன்" என்றால், எந்தத் தேதிக்குள், எவ்வளவு என்று அந்தத் தாளிலேயே எழுதி வாங்குங்கள். பாதியையாவது அன்றே கேளுங்கள். நாங்கள் அந்த ஞாயிற்றுக்கிழமை செய்யாமல் விட்டது இந்த ஒரு தாளைத்தான்.

பணம் வராவிட்டால்

சொன்ன தேதி கடந்ததும் ஒரு நினைவூட்டல் அனுப்புங்கள். வசவு வேண்டாம், கோபத்தில் எழுதும் செய்தி பிற்பாடு உங்களுக்கு எதிராகவே வாசிக்கப்படும். இரண்டு வாரம் கழித்து, ஒப்பந்தத் தேதி, அட்வான்ஸ் தொகை, காலி செய்த நாள், வர வேண்டிய தொகை ஆகியவற்றைக் குறிப்பிட்டு ஒரு கடிதத்தை ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். அதற்கும் அசையாவிட்டால் வழக்கறிஞர் நோட்டீஸ். பெரும்பாலான விவகாரங்கள் இந்த இடத்தில் முடிந்துவிடுகின்றன.

வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லை என்று விட்டுவிடாதீர்கள். 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், குறைந்த வருமானமுள்ளோர் ஆகியோருக்கு இலவச சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் கேட்கலாம். அட்வான்ஸ் தகராறு சிவில் விவகாரம் என்பதால் காவல் நிலையத்தில் பணம் வசூலித்துத் தரமாட்டார்கள். ஆனால் உங்கள் பொருள்களைப் பூட்டி வைத்தாலோ மிரட்டினாலோ 112க்கு அழையுங்கள், அதற்குத் தயங்க வேண்டாம். பணம் கேட்டு வழக்குத் தொடரப் பொதுவாக மூன்று ஆண்டு அவகாசம் இருக்கிறது. ஒப்பந்தம், வாடகை அனுப்பிய பதிவுகள், படங்கள், அந்தக் கணக்குத் தாள் ஆகிய எல்லாவற்றையும் அதுவரை நால்வரும் ஆளுக்கொரு நகல் வைத்திருங்கள்.

ஊருக்குப் போன பிறகும் ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. கல்லூரி அலுவலகத்திலும் வங்கியிலும் பெங்களூரு முகவரியை மாற்றுங்கள். இங்கே வாக்காளராகப் பதிந்திருந்தால் படிவம் 8 நிரப்பிக் கொடுங்கள். எதிர்பார்க்கும் தபால் ஏதாவது இருந்தால், பழைய முகவரிக்குரிய தபால் நிலையத்தில் புது முகவரிக்குத் திருப்பிவிடும்படி எழுதிக் கொடுக்கலாம். மாடி வீட்டு அம்மாளின் எண்ணை அழித்துவிடாதீர்கள். என் பட்டச் சான்றிதழ் அந்தப் பழைய வாசலுக்குத்தான் வந்தது. அவர்தான் வாங்கி வைத்து, கூப்பிட்டுச் சொன்னார்.